பழைய பிசி கேம்களில் மூடுபனி காணாமல் போனால் எங்கே தேடுவது?

1998 வாக்கில் வந்த ஒரு கேமை இன்றைய கம்ப்யூட்டரில் நிறுவுகிறீர்கள். கேம் திறக்கிறது, சத்தம் வருகிறது, வேகத்துக்கும் குறையில்லை. ஆனால் படத்தில் ஏதோ சரியில்லை. தூரத்து மலை பாதியில் அறுந்து நிற்கிறது. நடக்க நடக்க, ஒன்றுமே இல்லாத இடத்திலிருந்து மரங்கள் குதித்து வருகின்றன. அந்த இடத்தில் இருந்திருக்க வேண்டியது மூடுபனி. அதைத் திரும்ப வரவைப்பது எப்படி என்பதைப் புதிதாக வருபவர்களுக்காக எழுதுகிறேன்.

அந்தக் காலத்து மூடுபனியை வெறும் அலங்காரம் என்று நினைத்துவிடாதீர்கள். கிராஃபிக்ஸ் கார்டால் குறிப்பிட்ட தூரம் வரைதான் வரைய முடியும். அதற்கு அப்பால் இருப்பதைக் கேம் வெட்டிவிடும். வெட்டு தெரியாமல் மறைக்கத்தான் பனி. 1997-ல் வந்த டூராக்கில் காடு முழுக்கப் பனி மூடியிருப்பதற்கும், 1999-ல் பிளேஸ்டேஷனில் வந்த சைலன்ட் ஹில் ஊர் பனியில் மூழ்கிக் கிடப்பதற்கும் காரணம் அதுவே. இரண்டாவது கேம் அந்தக் குறையையே பயமாக மாற்றிக்கொண்டது என்பது வேறு கதை.

பிரச்சினை என்று வந்தால் பெரும்பாலானவர்கள் உடனே கார்டை இயக்கும் மென்பொருளான டிரைவரை மாற்றுவார்கள், இல்லையென்றால் இணையத்தில் கிடைத்த டிஎல்எல் (கேம் ஓடும்போது எடுத்துக்கொள்ளும் துணை நிரல்) கோப்புகளையெல்லாம் கேம் ஃபோல்டரில் கொட்டுவார்கள். அதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: இந்தக் கேமில் மூடுபனியை யார் கணக்குப் போடுகிறார்கள்? இதற்கு விடை தெரிந்தால் பாதி வேலை முடிந்தது.

கணக்கு என்ன?

ஒவ்வொரு புள்ளிக்கும் அதன் சொந்த நிறம் ஒன்று, பனியின் நிறம் ஒன்று. தூரத்தைப் பொறுத்து இரண்டையும் கலக்க வேண்டும், அவ்வளவுதான். கலக்கும் விகிதத்துக்கு மூன்று வழி உண்டு. லீனியர் என்பது நேர்கோட்டுக் கணக்கு: பனி 100-ல் தொடங்கி 500-ல் முடிகிறது என்றால் 300-ல் இருக்கும் பொருள் பாதி பனி, பாதி தன் நிறம். மற்ற இரண்டும் எக்ஸ்பொனென்ஷியல் வகை. அவற்றில் தொடக்கம், முடிவு எதுவும் கிடையாது. அடர்த்தி என்ற ஒரே எண்ணை வைத்துப் பனி மெல்ல மெல்ல ஏறும். காட்சி எங்கே வெட்டப்படுகிறதோ சரியாக அங்கே பனி முழுமையாக வேண்டும் என்றால் லீனியர்தான் வசதி.

பனியின் நிறம் அடிவானத்தின் நிறத்தோடு ஒத்துப்போக வேண்டும், இல்லாவிட்டால் மறைக்கவே மறைக்காது. ஜிடிஏ வைஸ் சிட்டியை நோண்டியவர்களுக்கு டைம்சைக்.டேட் என்ற கோப்பு நினைவிருக்கும். எந்த நேரத்தில், எந்த வானிலையில் வானம் என்ன நிறம், பனி எங்கே தொடங்குகிறது, காட்சி எங்கே முடிகிறது என்று எல்லாம் அதில் எண்களாக இருக்கும். காட்சித் தூரத்தை மட்டும் கூட்டிவிட்டுப் பனி தொடங்கும் எண்ணைத் தொடாமல் விட்டால், பாதி ஊர் பனிக்குள் போய்விடும். அது கார்டின் குற்றமே அல்ல.

கணக்குப் போடுபவர்கள் நான்கு பேர்

முதலாவது, வெர்டெக்ஸ் ஃபாக். முக்கோணத்தின் மூன்று முனைகளில் மட்டும் பனியைக் கணக்கிட்டு, நடுவில் உள்ளதைச் சராசரியாக நிரப்புவது. துணியின் மூலைகளை மட்டும் சாயத்தில் நனைத்துவிட்டு நடுவை ஊகித்துக்கொள்வதற்குச் சமம். சின்ன முக்கோணங்களில் இது தெரியாது. பெரிய தரை என்றால் மாட்டிக்கொள்ளும். ஒரு பெரிய சதுரத் தரையின் நடுவில் நிற்கிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். நான்கு முனைகளும் தூரத்தில், அதாவது முழுப் பனியில். சராசரி போட்டால் உங்கள் காலடியிலும் முழுப் பனி! தரையில் பனித் திட்டுகள் நீந்துவதும், நீங்கள் நகரும்போது அவை சட்டென்று நிறம் மாறுவதும் இதனால்தான்.

இரண்டாவது, டேபிள் ஃபாக் அல்லது பிக்சல் ஃபாக். ஒவ்வொரு பிக்சலுக்கும் கார்டே ஆழத்தைப் பார்த்து, ஓர் அட்டவணையில் விகிதத்தை எடுத்துக் கலக்கும். ஆனால் எந்த ஆழம் என்பதில் ஒரு சிக்கல். ஒவ்வொரு பிக்சலின் ஆழத்தையும் குறித்து வைக்கும் இசட் பஃபரில் இருக்கும் எண்ணை அப்படியே எடுத்தால் அது இசட் ஃபாக். உண்மையான பார்வைத் தூரத்தை எடுத்தால் அது டபிள்யூ ஃபாக். இதை மூன்றாவது என்று தனியாகவே எண்ணுகிறேன், ஏனென்றால் இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் மலைக்கும் மடுவுக்கும் உள்ளது.

ஒரு கணக்கைப் பார்த்துவிடலாம். காட்சி 1-ல் தொடங்கி 1000-ல் முடிகிறது. இதில் 2 அலகு தூரத்தில் உள்ள சுவரின் இசட் மதிப்பு சுமார் 0.5. 10 அலகு தூரத்தில் 0.90. 100 அலகு தூரத்தில் 0.99. மீதி 900 அலகுகளும் கடைசி 0.009-க்குள் நெருக்கியடித்து உட்கார்ந்திருக்கின்றன. இப்போது கேம், 'பாதித் தூரத்தில் பனி தொடங்கட்டும்' என்று நினைத்து 0.5 என்று கொடுக்கிறது, கார்டோ அதை இசட் மதிப்பாக எடுத்துக்கொள்கிறது என்றால் பனி மூக்குக்கு நேரே தொடங்கிவிடும். திரை முழுக்க வெள்ளையாகவோ சாம்பலாகவோ தெரிந்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது இதை.

கேம்கள் கார்டோடு பேச மைக்ரோசாஃப்ட் தந்த வழியான டைரக்ட்3டியில் இசட்டா டபிள்யூவா என்பதைக் கேம் நேரடியாகச் சொல்லாது. முப்பரிமாணக் காட்சியைத் திரைக்கு மாற்றுவதற்காகக் கேம் கொடுக்கும் புரொஜெக்‌ஷன் மேட்ரிக்ஸைப் பார்த்துத்தான் முடிவாகும். அந்தக் காலத்தில் பல கேம்கள் முனைகளைத் தாங்களே திரைக்கு மாற்றிக் கணக்கிட்டு அனுப்பின. மேட்ரிக்ஸ் தேவையில்லை என்று கொடுக்காமலே விட்டுவிடுவதும் உண்டு. அப்போது டிரைவர் தன் போக்கில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும். ஒரே கேம் ஒரு கார்டில் அழகாகவும் இன்னொன்றில் கண்ணைக் கட்டிவிட்டது மாதிரியும் தெரிவதற்கு இதுவும் ஒரு காரணம்.

3டிஎஃப்எக்ஸ் நிறுவனத்தின் வூடூ கார்டுகளில், அந்த நிறுவனத்தின் சொந்த வழியான கிளைடு மூலம் ஓடும் கேம்களுக்கு இந்தத் தலைவலி இல்லை. அட்டவணையில் 64 இடங்கள், தூரம் இரட்டிப்பாகும் ஒவ்வொரு முறைக்கும் நான்கு இடம் வீதம், 1-லிருந்து ஐம்பதாயிரம் சொச்சம் வரை. கிட்டத்தில் நெருக்கமாகவும் தூரத்தில் அகலமாகவும் படிகள் இருக்கும். இரண்டு படிகளுக்கு நடுவே உள்ளதைக் கார்டே நிரப்பிவிடும். 3டிஎஃப்எக்ஸ்காரர்கள் அந்தச் சின்ன அட்டவணையில் காட்டிய புத்திசாலித்தனம் இன்றைக்கும் எனக்குப் பிடித்தமானது. கேமில் கிளைடு என்ற தேர்வு இருந்தால் அதையே முதலில் முயலுங்கள் என்று நான் சொல்வதற்கு இதுதான் காரணம்.

நான்காவது ஆள், கேமே. கார்டின் பனி வசதியைத் தொடாமல் தானே ஒரு பனிப் படத்தைத் தயாரித்துப் பொருள்களின் மேல் இன்னொரு அடுக்காக வரைந்துவிடும். குவேக் 3 அப்படித்தான் செய்கிறது. 256க்கு 32 அளவில் ஒரு டெக்ஸ்சர், அதுதான் அதன் பனி. அன்ரியல் விளக்கைச் சுற்றி மிதக்கும் பனிக்கு ஒளியையும் அது பரவும் கன அளவையும் வைத்துத் தனியாகக் கணக்குப் போடும். இவற்றில் பனி சரியாக வருகிறது என்பதால் உங்கள் கார்டின் ஃபாக் நன்றாக இருக்கிறது என்று முடிவு கட்ட முடியாது.

முதல் படி: கேம் எந்த வழியில் வரைகிறது?

கேமின் வீடியோ செட்டிங்கைத் திறந்து பாருங்கள். கிளைடு, 3டிஎஃப்எக்ஸ், டைரக்ட்3டி, ஓபன்ஜிஎல், சாஃப்ட்வேர் என்று பெயர்கள் இருக்கும். இல்லையென்றால் கேம் ஃபோல்டரில் உள்ள ஐஎன்ஐ கோப்பில் தேடுங்கள். டைரக்ட்3டி என்றால், அதை உள்ளடக்கிய டைரக்ட்எக்ஸ் தொகுப்பின் எந்தப் பதிப்பு என்பது முக்கியம். சிடி அட்டையிலோ ரீட்மீ கோப்பிலோ எழுதியிருக்கும். ரீட்மீயை யாரும் படிப்பதில்லை, ஆனால் எந்தக் கார்டில் பனி வேலை செய்யாது என்பதைப் பல நிறுவனங்கள் அதில் வெளிப்படையாகவே எழுதி வைத்திருக்கின்றன.

இரண்டாம் படி: நின்று பார்த்துச் சொல்லுங்கள்

பனி இருக்க வேண்டிய ஓர் இடத்தில் கேமைச் சேமித்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு மாற்றத்துக்குப் பிறகும் இதே இடத்துக்கே திரும்ப வர வேண்டும். அங்கே நின்று சில விஷயங்களைச் சோதியுங்கள்.

பனி சுத்தமாக இல்லையா? டேபிள் ஃபாக் இருக்கும் என்று நம்பி எழுதப்பட்ட கேம், அது இல்லாத கார்டு. மிகச் சாதாரணமான நிலைமை இது. கார்டால் என்ன முடியும் என்று கேட்டுப் பார்த்துவிட்டுத்தான் கேம் பனி போட வேண்டும். பல கேம்கள் கேட்பதேயில்லை.

குனிந்து தரையைப் பாருங்கள். திட்டுகள் நகர்ந்தால் வெர்டெக்ஸ் ஃபாக்.

நகராமல் நின்ற இடத்திலேயே தலையை மட்டும் இடமும் வலமும் திருப்புங்கள். திரையின் நடுவில் பனிக்குள் மறைந்திருந்த மரம் திரை ஓரத்துக்கு வரும்போது தெளிவாகத் தெரிகிறதா? பதற வேண்டாம், இது கோளாறில்லை. கார்டு அளப்பது உங்களுக்கு நேர் முன்னே உள்ள ஆழத்தை. ஓரத்தில் உள்ள பொருளுக்கு அந்த ஆழம் குறைவு, உண்மைத் தூரம் அதே. உண்மைத் தூரத்தை வைத்துக் கணக்கிடும் ரேஞ்ச் ஃபாக் டைரக்ட்3டியில் வெர்டெக்ஸ் ஃபாக்குக்கு மட்டும்தான் கிடைத்தது. அசல் கார்டிலேயே இப்படித்தான் இருந்தது என்பதால் இதைச் 'சரி' செய்ய முயன்று மணிக்கணக்கில் உட்காராதீர்கள்.

அடுத்தது கொஞ்சம் வேடிக்கையானது. பனிக்குள் எதையாவது சுடுங்கள், அல்லது எரியும் விளக்கு ஒன்றைப் பாருங்கள். தீப்பிழம்பைச் சுற்றி வெளிறிய சதுரம் தெரிகிறதா? தீ, ஒளிவட்டம் போன்றவை ஏற்கெனவே வரைந்த படத்தின் மேல் நிறத்தைக் கூட்டி வரையப்படுபவை. அவற்றின் கறுப்பு ஓரங்கள் கறுப்பாகவே இருந்தால்தான் கூட்டும்போது எதுவும் தெரியாது. பனி அங்கேயும் போய் ஒட்டினால் கறுப்பு சாம்பலாகி, சதுரம் முழுவதும் பளிச்சென்று வெளியே வந்துவிடும். இந்த மாதிரிப் பொருள்களுக்குப் பனி நிறத்தைக் கறுப்பாக மாற்றிக்கொண்டு வரைவது கேமின் கடமை. கேம் அதை ஒழுங்காகச் செய்தும் சதுரம் தெரிந்தால், டிரைவரோ, கேமின் பழைய கட்டளைகளைப் புதிய முறைக்கு மாற்றித் தரும் ராப்பரோ பனி நிறம் மாறியதைக் கவனிக்கவில்லை என்று அர்த்தம்.

கடைசியாக, பனியில் படிப்படியாகப் பட்டைகள் தெரிந்தால் 16 பிட் நிறத்தில் ஓடுகிறது. 32 பிட்டுக்கு மாற்றுங்கள், அவ்வளவுதான்.

மூன்றாம் படி: பழைய கம்ப்யூட்டர் வைத்திருப்பவர்களுக்கு

நிஜ விண்டோஸ் 98 கம்ப்யூட்டரே வைத்திருந்தால் டைரக்ட்எக்ஸ் எஸ்டிகேவோடு (நிரல் எழுதுபவர்களுக்கான தொகுப்பு) வந்த, கார்டின் திறன்களைப் பட்டியலிடும் கேப்ஸ் வியூவரை ஓடவிடுங்கள். டைரக்ட்3டி சாதனத்தின் கீழே ராஸ்டர் கேப்ஸ் என்ற பகுதியில் ஃபாக்வெர்டெக்ஸ், ஃபாக்டேபிள், இசட்ஃபாக், டபிள்யூஃபாக், ஃபாக்ரேஞ்ச் என்ற பெயர்கள் வரும். எது இருக்கிறது, எது இல்லை என்று குறித்துக்கொள்ளுங்கள். ஃபாக்டேபிள் இல்லையென்றால் உங்கள் கேள்விக்கு அங்கேயே பதில் கிடைத்துவிட்டது.

என்விடியா கார்டு என்றால் இன்னொரு இடமும் உண்டு. டிஸ்ப்ளே செட்டிங்கில் அட்வான்ஸ்டு போய், டைரக்ட்3டி பகுதியில் 'ஃபாக் டேபிள் எமுலேஷன்' என்ற டிக் பெட்டி. டேபிள் ஃபாக் இருக்கிறதா என்று கேட்காமலே அதை எதிர்பார்க்கும் கேம்களுக்காகவே வைத்த பெட்டி அது. எனவே டிக் போட்டே வைத்திருங்கள். டிரைவர் பதிப்புக்கு ஏற்ப இது இருக்கும் பக்கம் மாறும். விண்டோஸ் 98-க்கு என்விடியா அதிகாரபூர்வமாகக் கடைசியாக வெளியிட்ட டிரைவர் 81.98, அதற்காக அதுதான் சிறந்தது என்று எண்ண வேண்டாம். பழைய கேமுக்குப் பழைய டிரைவர் என்பது இந்த வட்டாரத்தில் நன்றாகவே பலிக்கும் விதி, 45.23 அப்படிப் பலரும் விரும்பும் ஒன்று.

கார்டே இனிமேல்தான் வாங்கப் போகிறீர்களா? 1996-ன் மேட்ராக்ஸ் மிஸ்டிக்கைப் பெயர் அழகை மட்டும் பார்த்து எடுத்துவிடாதீர்கள், அதில் பனி வசதியே கிடையாது. பழைய ரேடியான் கார்டுகளில் டேபிள் ஃபாக் வரவில்லை என்பது ரெட்ரோ ஆட்களிடம் நெடுநாளாக உள்ள புகார். வாங்கும் முன் விற்பவரிடம் கேப்ஸ் பட்டியலின் ஒரு படம் கேளுங்கள். பனியை மட்டும் மனதில் வைத்தால் கிளைடு கேம்களுக்கு ஒரு வூடூ 2 அல்லது வூடூ 3, டைரக்ட்3டிக்கு ஜீஃபோர்ஸ் வரிசையில் பழையது ஒன்று என்பதே என் தேர்வு.

நான்காம் படி: புதிய கம்ப்யூட்டரில்

இங்கே நிலைமை வேறு. 2006-ல் வந்த டைரக்ட்3டி 10-ல் தயார்நிலைப் பனி வசதியையே எடுத்துவிட்டார்கள், ஓபன்ஜிஎல்லும் 3.0-ல் அதை ஓரங்கட்டத் தொடங்கியது. பனி வேண்டுமென்றால் கார்டிலேயே ஓடும் சின்ன நிரலான ஷேடரில் நீங்களே எழுதிக்கொள்ள வேண்டியதுதான். பழைய கேம் வந்து 'பனி போடு' என்று கேட்டால் டிரைவர்தான் பின்னால் ஒரு ஷேடரை எழுதிச் சமாளிக்கிறது. இருபத்தைந்து வருஷத்துக்கு முந்தைய கேமை இன்றைய டிரைவர் எழுதுபவர் சோதித்துப் பார்ப்பார் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை. ஆகவே நடுவில் ஒரு ராப்பரை வைப்பதுதான் நம்பகமான வழி.

டிஜிவூடூ 2 பெரும்பாலானவற்றுக்குப் போதும். கிளைடையும், டைரக்ட்எக்ஸ் 1 முதல் 9 வரை உள்ளவற்றையும் டைரக்ட்3டி 11 அல்லது 12-க்கு மாற்றித் தருகிறது. டைரக்ட்எக்ஸ் கேம் என்றால் அதன் எம்எஸ் ஃபோல்டருக்குள் எக்ஸ்86-ல் உள்ள டிடிரா, டி3டிஇம் ஆகிய டிஎல்எல்களைக் கேமின் இஎக்ஸ்இ இருக்கும் இடத்தில் போடுங்கள். எட்டாம் பதிப்புக் கேமுக்கு டி3டி8 போதும். கிளைடு கேம் என்றால் 3டிஎஃப்எக்ஸ் ஃபோல்டரில் உள்ள கிளைடு டிஎல்எல்கள். கூடவே டிஜிவூடூ கன்ட்ரோல் பேனலையும் அதே இடத்தில் வையுங்கள்.

கன்ட்ரோல் பேனலில் செய்ய வேண்டியது இரண்டுதான். வாட்டர்மார்க்கை முதலில் அணைக்காதீர்கள். திரை மூலையில் அந்தச் சின்னம் தெரிந்தால்தான் கேம் உண்மையிலேயே ராப்பர் வழியாகப் போகிறது. சின்னம் தெரியாமல் பனி வரவில்லை என்று புலம்புபவர்களின் டிஎல்எல் பெரும்பாலும் தப்பான ஃபோல்டரில் இருக்கும். இரண்டாவது, டைரக்ட்எக்ஸ் டேபில் வீடியோ கார்டு என்ற பட்டியல். டிஜிவூடூவின் சொந்த மெய்நிகர் கார்டு, ஜீஃபோர்ஸ் டிஐ 4800, ரேடியான் 8500 என்று பல பெயர்கள் வரும். மெய்நிகர் கார்டில் தொடங்குங்கள். பனியில் பிரச்சினை என்றால் ஜீஃபோர்ஸ் டிஐ 4800-க்கு மாற்றி, சேமித்து வைத்த அதே இடத்தில் நின்று பாருங்கள். கார்டின் பெயரைப் பார்த்துத் தன் போக்கை மாற்றிக்கொள்ளும் கேம்கள் உண்டு, அவற்றுக்கு இது ஒன்றே மருந்து.

கிளைடு மட்டும் போதும் என்றால் என்கிளைடு இன்னும் எளிது. நிறுவினால் வேலை முடிந்தது.

சில கேம்களுக்கு ராப்பரை விட ரசிகர்கள் செய்த பேட்ச் மேல். தீஃப் 2-க்கு 2012-ல் வந்த நியூடார்க் என்ற பேட்ச், கேமின் வரையும் பகுதியையே டைரக்ட்3டி 9-க்கு மாற்றிவிட்டது. அது கையில் இருக்க வேறொன்றும் தேட வேண்டாம். ஃப்ரீஸ்பேஸ் 2-ன் மூல நிரலும் 2002-லேயே வெளியானதால் அதற்கும் புதிய எஞ்சின் கிடைக்கிறது. ஆனால் பனியைச் சோதித்துப் பழக ஃப்ரீஸ்பேஸ் 2-ன் அசல் பதிப்பைத்தான் சிபாரிசு செய்வேன். நெபுலா மிஷன்களில் கப்பல்கள் பனிக்குள்ளிருந்துதான் வெளியே வரும். பனி இல்லையென்றால் மிஷனே வேறு ஆட்டமாகிவிடும், பார்த்த உடனே தெரிந்துவிடும்.

அன்ரியலில் விளக்கைச் சுற்றிய பனி இல்லையென்றால் ராப்பர் பக்கம் போகும் முன் அன்ரியல்.ஐஎன்ஐ கோப்பைத் திறந்து, நீங்கள் பயன்படுத்தும் ரெண்டரரின் பகுதியில் வால்யூமெட்ரிக்லைட்டிங் என்பது ட்ரூ என்று இருக்கிறதா என்று பாருங்கள். அணைந்து கிடக்கும் ஒரு வரிக்காக டிரைவரை மாற்றுவானேன்.

எதுவும் சரிப்படவில்லை என்றால்

86பாக்ஸ். முழுக் கம்ப்யூட்டரையும், அதில் செருகிய வூடூ கார்டையும் சேர்த்து எமுலேட் செய்யும் மென்பொருள். உள்ளே விண்டோஸ் 98 நிறுவி, அசல் 3டிஎஃப்எக்ஸ் டிரைவரைப் போட்டுக் கேமை ஓட்டினால் பனி அன்றைக்கு இருந்தபடியே வரும், அன்றைய குறைகளோடும். ராப்பரில் தெரியும் பனி சரியா தப்பா என்று சந்தேகம் வந்தால் ஒப்பிட்டுப் பார்க்கவும் இதுதான் நல்ல வழி. ஆனால் உங்கள் சிபியூ பலமாக இருக்க வேண்டும். ஓடும்போது சாளரத்தின் தலைப்பில் வேகம் சதவீதமாகத் தெரியும். அது 100-க்குக் கீழே இறங்கி, சத்தம் விட்டு விட்டுக் கேட்டால் செட்டிங்கில் தேர்ந்தெடுத்த பிராசசரை ஒரு படி குறைத்து மறுபடி ஓட்டுங்கள்.